சுந்தரேஷின் பிறந்த தேதியில் தொடங்கிய எண்

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருக்கும் என் சிநேகிதி ஹம்சாவை ஒருமுறை சீண்டியவர்கள் மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டார்கள். சுந்தரேஷ் மட்டும் போனார்.

எங்கள் எண் வட்டம் கரோல் பாகில் வைத்தியின் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு கூடும். எல்லோரும் சர்க்கார் உத்தியோகம், எல்லோருக்கும் கணக்குப் பைத்தியம். யாராவது பெரிய பகா எண் ஒன்றைப் பிடித்தால், அதற்கு அவர் விரும்பும் பெயரைச் சூட்டிச் சுவரில் ஒட்டுவோம். தேடுவதும் சோதிப்பதும் அவரவர் எழுதிய புரோகிராமில்தான். அறிவிக்கும் முன் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும்.

ஹம்சாவின் அம்மா காமாக்ஷி இறந்த வருடம், முந்நூற்றோரு இலக்கப் பகா எண் ஒன்று ஹம்சாவிடம் சிக்கியது. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றேதான். அம்மா பெயரைச் சூட்ட ஆசைப்பட்டு, சரிபார்ப்பதற்காகப் பென் டிரைவில் போட்டு, வட்டத்திலேயே மூத்தவரான சுந்தரேஷிடம் கொடுத்தாள். அந்த மனிதர் அடுத்த கூட்டத்தில் அதைத் தன்னுடையது என்று அறிவித்து, பேத்தி அபூர்வா பெயரை ஒட்டிவிட்டார். ஹம்சா கேட்டதற்கு, ஒரே எண் இரண்டு பேருக்கு அகப்படுவது சகஜம்தானே என்றார் கூசாமல். அவளிடம் சாட்சி இல்லை. செத்துப்போன அம்மாவிடமிருந்தே திருடிவிட்டான், இவனைச் சும்மா விடமாட்டேன் என்று என்னிடம் பொருமினாள்.

பகா எண்ணைச் சோதிக்க ஒரு சுருக்குவழி உண்டு. சோதிக்கும் எண்ணுக்கு ஒன்று குறைவான எண்ணிக்கையில் இரண்டுகளை வைத்துப் பெருக்கி, வந்ததை அந்த எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். வராவிட்டால் அது பகா எண் இல்லை. ஆனால் 561 போன்ற போலிகளுக்கும் மீதி ஒன்றுதான் வரும். அது மூன்று, பதினொன்று, பதினேழு ஆகியவற்றைப் பெருக்கி வருவது. இரண்டுக்குப் பதில் ஐந்தையோ ஏழையோ போட்டுப் பார்த்தாலும் அது மாட்டாது. சுந்தரேஷின் புரோகிராமில் இந்தச் சோதனையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அத்தனை சோம்பேறி. மூத்தவர் என்ற மரியாதையில் அவர் சொல்லும் எண்ணை நாங்கள் யாரும் திரும்பச் சோதிப்பதும் இல்லை.

ஹம்சா மாதக்கணக்கில் கணினியை ஓடவிட்டு, மூன்று பெரிய பகா எண்களைப் பொறுக்கி, முந்நூறு இலக்கத்தில் அப்படி ஒரு போலியைச் செய்தாள். அதுவும் போதவில்லை அவளுக்கு. முதல் எட்டு இலக்கமும் சுந்தரேஷின் பிறந்த தேதியாக அமையும் விதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பிறகு பவ்யமாகப் பென் டிரைவை நீட்டி, புது பகா எண், சரிபார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் நேர்மையாக அவள் பெயரிலேயே அறிவித்திருந்தால் போயிருப்பது இவள் மானம். அது தெரிந்துதான் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்துக்குச் சுந்தரேஷ் பட்டு ஜிப்பாவும் காஜு கத்லி டப்பாவுமாக வந்தார். அறுபது வயது பூர்த்தியாவதை முன்னிட்டு, தன் பிறந்த தேதியில் தொடங்கும் பகா எண்ணைத் தானே தேடிப் பிடித்ததாகச் சொன்னார். அதற்குத் தன் பெயரையே சூட்டினார். நாங்கள் கை தட்டினோம். ஹம்சாவும் தட்டினாள்.

பிறகு எழுந்து தன் லேப்டாப்பை வைத்தியின் டீவியில் இணைத்தாள். இந்த எண்ணைப் பிரிக்கலாமே என்று சொல்லி, தன்னிடமிருந்த மூன்று எண்களையும் காட்டிப் பெருக்கினாள். சுந்தரேஷின் எண் ஓர் இலக்கம்கூடப் பிசகாமல் வந்தது.

அவர் முகம் கறுத்துவிட்டது.

"ப்ரைம்னு சொல்லி நீங்கதானே என்கிட்ட கொடுத்தேள்?"

தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு மெள்ளத்தான் உறைத்தது.

"ஆமாம், நான்தான் கொடுத்தேன்," என்றாள் ஹம்சா. "போன தடவையும் நான்தான் கொடுத்தேன். அது அசல்."

வைத்தி எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அபூர்வாவின் பெயரைக் கிழித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. சுந்தரேஷ் வாசலில் செருப்பைத் தேடினார். ஹம்சா அப்போதும் விடவில்லை. காஜு கத்லி டப்பாவைத் திறந்துகொண்டு போய், முதல் துண்டை அவரிடம் நீட்டினாள். அவர் அதை வாயில் போட்டு விழுங்கும்வரை வழியை விட்டு நகரவில்லை.