நாரைக் குஞ்சுகளைக் கொன்றது வேட்டு அல்ல

அந்தக் குஞ்சுகளைக் கொன்றவன் நான். ஏகாம்பரம் அல்ல.

போதுமா? துப்புவதானால் துப்புங்கள்... ஆனால் மிச்சத்தையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்!

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரில் எனக்குப் பேட்டரிக் கடை. வீணாய்ப்போன லாரி பேட்டரிகளைப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து உடைப்பேன். உள்ளேயிருக்கும் ஈயத் தகடுகளை ஏரிக்கால்வாயில் அலசுவேன். சாம்பல் நிறமாய் ஓடும் தண்ணீர் நேரே ஏரிக்குள் போகும். ஏரி நடுவே கருவேல மரங்கள். மரமெல்லாம் நத்தைகுத்தி நாரைகளின் கூடுகள்.

பறவை மிரளுமென்று எங்கள் ஊரில் தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டுக்கு நானே காவல்காரன்! சிரிக்காதீர்கள்.

அந்தத் தை மாதம் ஏகாம்பரத்தின் அப்பா இறந்தார். துக்கத்தில் நிதானமிழந்தவன், பாடைக்கு முன்னால் ஒரே ஒரு வேட்டு விட்டுவிட்டான். அந்த வாரமே கூடுகளிலிருந்து குஞ்சுகள் விழத் தொடங்கின. சிறகு முளைத்திருந்தது, கழுத்து நிற்கவில்லை...

"ஏகாம்பரம் வுட்ட வேட்டுல குஞ்சுங்களுக்கு மாரடைப்பு வந்துகீது!"

டீக்கடையில் நான் அடித்த நக்கல் அது. அன்று எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் எல்லோரும் நம்பினார்கள்.

செத்த குஞ்சுகளைச் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எடுத்துப்போயிருந்தார். சில வாரம் கழித்துத் திரும்பியவருக்கு, பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அகப்பட்டது நான்தான்.

"ஈரல்ல, எலும்புல எல்லாம் காரீயம் சார். தின்ன நத்தை வழியா போயிருக்கு. இங்க ஈயத் தொழில் யாராவது பண்றாங்களா?"

"ஈயமா? எங்க ஊருக்குப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறவன்கூட வர்றதில்ல சார்!"

பேசிப் பேசியே அவரை அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு ஓடினேன். கண்ணாடியில் நாக்கை நீட்டினேன். வயிற்றின் இடப்பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன்.

"ஈரலு அந்தாண்ட கீது," என்றாள் மனைவி. "இன்னாத்துக்கு இப்போ அத்த தேடிக்கினு கீற?"

பார்த்தீர்களா! எத்தனை குஞ்சுகள் செத்திருந்தன... நான் தேடியது என் ஈரலை. அதையும் தப்பான பக்கத்தில்!

ஊர் கூடியது. கோயில் வாசலில் ஒவ்வொருவர் காலிலும் ஏகாம்பரம் விழவேண்டும் என்று தீர்ப்பு. என் காலிலும் விழுந்தான்.

"மன்னிச்சுடு நைனா. அப்பன் பூட்ட துக்கத்துல புத்தி கெட்டுப்பூட்டேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

"எயுந்திருப்பா, நான் இன்னா குஞ்சா?" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

கால்வாயில் அலசுவதை நிறுத்தினேன். திருந்தியா? பயந்து!

சில வருடம் கழித்து அவன் அம்மாவும் போனாள். மேளமில்லை, வேட்டில்லை. அழுத பெண்களைக்கூடக் கையமர்த்தினான். அந்த வருடம் ஏரியில் ஒரு கூடுகூட இல்லை. மரங்கள் மொட்டையாய் நின்றன.

பாடையைத் தோளில் சுமந்தபடி என் வாசலருகே நின்று, மெதுவாகக் கேட்டான்:

"இந்தவாட்டி சத்தம் வரல இல்ல நைனா?"

எதற்கும் நக்கல் வைத்திருக்கும் வாய் இது... தலையை மட்டும் ஆட்டினேன்.