ஜுவாலஜிக்கு இன்னா சம்பளம்?

பாக்கிச் சில்லறையை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டுதான் கண்ணாயிரம் கேள்வியைப் போடுவார்.

"சார் இன்னா படிச்சிகீறீங்க?"

பதில் வந்தால் அடுத்தது: "இன்னா சம்பளம் வருது?" அதற்கும் பதில் வந்த பிறகே விரல்கள் விரியும்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். ஒல்லியான உடம்பு. டிக்கெட் கிழிக்க எச்சில் தொடமாட்டார். காதுக்குப் பின்னால் வழிகிற வியர்வையில் விரலை நனைத்துக்கொள்வார். மலைக்கோயிலுக்கு வரும் உச்சிவேளைக் கழுகைப் பார்க்கப் போகிற கூட்டம் நெருக்கித் தள்ளும்போதும், ஏறுகிற ஆளின் செருப்பையும் சட்டைப்பைப் பேனாவையும் பார்த்து, "இவரு டிகிரி" என்று பிரித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாது. ஒருமுறை மட்டும் மாட்டுத் தரகர் ஒருவரிடம் கேட்டு, அவர் சொன்ன வருமானத்தில் இரண்டு நாள் வாயடைத்துப் போயிருந்தார்.

இந்தப் பழக்கம் எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் தொற்றிக்கொண்டது. கடைசி மகள் வேண்டா பி.யு.சி.யில் முதல் வகுப்பில் தேறியிருந்தாள். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதும் பெண் என்பதால் வைத்த பெயர். அவளுக்கோ வேண்டியது ஒன்று இருந்தது: சென்னையில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. விலங்கியல். அதற்குச் சர்க்காரில் படிப்புக் கடன் கொடுத்தார்கள். வட்டி கிடையாது. ஆனால் படிப்பு முடிந்து சில வருஷத்தில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மாதாமாதம் திருப்பிக் கட்டியாக வேண்டும். தகப்பன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருஷத்துக்குமாகச் சேர்த்தால் கண்ணாயிரத்தின் ஒரு வருஷச் சம்பளம்.

மனைவி சாரதாம்பாள் கணக்கை நேராகப் போட்டாள். "வாத்தியாரம்மா ட்ரெயினிங் ரெண்டே வருசம். முடிச்சா வேலை. இத்த வுட்டுட்டு தவளை அறுக்கறதுக்கு கடன் வாங்கணுமா?"

கண்ணாயிரம் பணப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் விசாரித்தார். பக்தவத்சலம் என்ற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, தோல் பையை மடியில் நிறுத்தியபடி, தானும் ஜுவாலஜிதான் என்றார். நானூறு ரூபாய், பேட்டா தனி. கண்ணாயிரத்தின் முகம் மலர்ந்தது. "பொண்ணுங்களை எடுக்கறாங்களா சார்?" பக்தவத்சலம் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதே படிப்புப் படித்த இன்னொருவர் புதுப்பட்டினத்தில் மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். வாத்தியார் படிப்பான பி.டி.யும் படித்த ஒருவர் உயர்நிலைப் பள்ளியில் கௌரவமாக இருந்தார். "ஒரே படிப்பு. ஆளுக்கு ஒரு ரேட்டு. கத்திரிக்கா கூட இப்பிடி விக்காதுப்பா" என்றார் டிரைவர் மாரியிடம்.

ஒரு நாள் மாமல்லபுரத்தில் செல்வராஜ் என்ற பையன் ஏறினான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் காகித உறை. கண்ணாயிரம் வழக்கம்போல் ஆரம்பித்தார். பையன் படிப்பைச் சொன்னான்: பி.எஸ்ஸி. ஜுவாலஜி.

"அடடே! சம்பளம்?"

"இன்னும் வேலை கெடைக்கலைங்க." பஸ் முழுதும் திரும்பிப் பார்த்தது. கண்ணாயிரம் சில்லறையை அவசரமாக அவன் கையில் திணித்துவிட்டு முன்பக்கம் நகர்ந்தார். அதன்பின் திருக்கழுக்குன்றம் வரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அங்கே கூட்டம் இறங்கியதும் அவனருகே போய் நின்றார். "தப்பா நெனைச்சுக்காத தம்பி. எம் பொண்ணு இதைத்தான் படிக்கணும்னு நிக்குது. கடன் வாங்கணும்."

செல்வராஜ் உறையைத் தொட்டுக் காட்டினான். "நானும் வாங்கினேங்க. கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்துகீது. நைனா சைக்கிள் கடையில பஞ்சர் ஒட்டிகினு கீறேன். தவணை கேக்கத்தான் போய்கினு கீறேன்."

"அப்போ வேணாம்னு சொல்றியா?"

அவன் உறையை மடியில் வைத்துக்கொண்டான். "தெரியலைங்க" என்றான். பிறகு, கேட்காத கேள்விக்குப் பதில்போல, "கரப்பான்பூச்சிக்கு ரத்தம் செவப்பு இல்ல, தெரியுமா உங்களுக்கு? மொத நாளு அறுத்தப்போ நான் தண்ணின்னு நெனைச்சேன்" என்றான். சொல்லும்போது உறை மடியிலிருந்து நழுவியது. அவன் கவனிக்கவில்லை. கண்ணாயிரம்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை, வாசலில் பல் துலக்கிக்கொண்டே மகளிடம் கேட்டார். "கரப்பான்பூச்சி ரத்தம் இன்னா கலரும்மே?"

கோலமாவுக் கிண்ணத்தோடு குனிந்திருந்தவள் நிமிரவில்லை. "கலரே கெடையாது நைனா. நம்ம ரத்தம் காத்தைச் சொமக்குது, அதுக்கோசரம் செவப்பு. அதுக்கு உடம்போரமா பொட்டு பொட்டா ஓட்டை கீது. காத்து நேரா உள்ள பூடும். ரத்தத்துக்கு அந்த வேலை இல்ல."

கண்ணாயிரம் வாயில் பல்பொடி நுரையோடு நின்றார். "அப்பறம்?"

"அப்பறம் இன்னா அப்பறம், வண்டிக்கு நேரமாவுது" என்றாள் உள்ளிருந்து சாரதாம்பாள்.

அந்த வாரமே அவர் கையெழுத்துப் போட்டார். "சம்பளம் எவ்ளோ வரும்னு தெரிஞ்சிகினியா?" என்று மனைவி கேட்டாள். "இல்ல" என்றார். ஒரு வாரம் குழம்பில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது. ஆனால் ஹாஸ்டலுக்கான தகரப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தவளும் அவள்தான்.

செல்வராஜுக்கு இரண்டு மாதம் தவணை கிடைத்தது. அவனுக்கு இன்றுவரை வேலை கிடைக்கவில்லை. வேண்டாவுக்குக் கிடைக்குமா என்பது கண்ணாயிரத்துக்குத் தெரியாது. பஸ்ஸில் கேட்பதையும் அவர் நிறுத்தவில்லை, ஆனால் சம்பளத்தைக் கேட்டதோடு விடுவதில்லை, "அதுல இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கூடவே கேட்கிறார். இதற்கும் பதில் வாங்கிக்கொண்டு சில்லறை தருவதால் பயணிகளின் எரிச்சல் இரட்டிப்பாகியிருக்கிறது.

வேண்டாவை அனுப்பிய அன்று அவருடைய பஸ்ஸிலேயே செங்கல்பட்டு ரயிலடிக்கு ஏற்றினார்கள். ஓடுகிற வண்டியில் கண்ணாயிரம் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்று மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தவளைக்கு இதயத்துல மூணு ரூம்பு நைனா" என்றாள் அவள்.

"நமக்கு?"

"நாலு."

"யோவ் கண்டக்டர், எறங்கணும்யா, ஊர் தாண்டுது!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"நாலா?" என்றார் கண்ணாயிரம். தோளில் குறுக்காகத் தொங்கிய பணப்பை வாரை ஒதுக்கி, காக்கிச் சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.