திருவிருந்துக்குப் பெயர் எழுதியவன்

1

1959 மாசி மாதம் கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் உபதேசியாராகப் பொறுப்பெடுத்தேன். கிடுகு வேய்ந்த மண்சுவர்க் கோயில். சபையார் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ரயிலில் வருவார். அன்றுதான் திருவிருந்து. பங்குபெற விரும்புகிறவர்கள் முதல்நாள் சனிக்கிழமை என்னிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும். நான் கொப்பியில் எழுதிய வரிசைப்படி போதகர் கூப்பிடுவார். வந்து முழங்காலிட்டு அப்பத்தையும், ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சரசத்தையும் பெற்றுக்கொள்வார்கள்.

முதல் சனிக்கிழமை முதலில் வந்தவர் எஸ்தர். நாற்பது வயதிருக்கும், வாய்க்கால் வெட்டும் வேலைக்குப் போகிறவர். அவருடைய சாதியை இங்கே எழுதவில்லை. அங்கே எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். முதல் வந்தவர் என்று முதல் வரியில் பெயரை எழுதினேன்.

ஞாயிறு அவர் கிண்ணத்தில் குடித்து எழும்பியதும் போதகர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஒருவரும் எழும்பவில்லை. ஊரில் காய்ச்சலோ என்று போதகர் கேட்டார்.

2

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் என்னை வேம்பின் கீழே கூட்டிப்போனார்.

“தம்பி உபதேசியார், அவள் வாய் வைச்ச கிண்ணத்தில எங்கட பெண்டுகள் வாய் வைப்பினமோ?”

“போதகர் துடைச்சுத்தானே குடுக்கிறார், ஐயா.”

“பரலோகத்தில எல்லாரும் ஒரே பந்திதான். நான் மறுக்கேல்ல. இது கிளிநொச்சி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“அவளை வரவேண்டாம் எண்டு ஆர் சொன்னது? கடைசியா வரட்டும்.”

அது எனக்கு நியாயமாகவே பட்டது. அடுத்த மாதத்திலிருந்து எஸ்தர் வந்து பெயர் சொன்னால் தலையாட்டுவேன், எழுதமாட்டேன். மற்றவர்கள் எல்லாரும் வந்துபோன பிறகு கடைசி வரியில் எழுதுவேன். பதினான்கு மாதம் சபையில் ஒரு சச்சரவும் இல்லை.

3

ஒரு சனிக்கிழமை பெயர் சொன்ன பிறகும் அவர் போகாமல் நின்றார்.

“ஏன் ஐயா எழுதேல்ல?”

“பிறகு எழுதுவன்.”

“எல்லாருக்கும் பிறகோ?”

நான் பேனைக்கு மை ஊற்றினேன்.

“அப்ப எழுதாதேங்கோ,” என்றுவிட்டுப் போனார்.

அந்த மாதம் அவர் வரவில்லை. மறு மாதமும் இல்லை. போதகர் விசாரித்தார். “போய்க் கூட்டிக்கொண்டு வாரும்,” என்றார். காரணத்தை நான் சொல்லவில்லை.

4

மத்தியானம் சைக்கிளில் எஸ்தர் வீட்டுக்குப் போனேன்.

“திருவிருந்துக்கு வரச்சொல்லிப் போதகர் சொன்னவர், எஸ்தர். எல்லாருக்கும் உரிய பந்தி அது.”

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணியோடு வந்தார். கையில் இருந்தது புது மூக்குப்பேணி.

“மூக்காலை அண்ணாந்து ஊத்தலாம், ஐயா, உதட்டில படாது. ஒருத்தரும் பாவிக்காதது. நீங்கள் எப்பவாவது வருவியள் எண்டு வாங்கி வைச்சனான்.”

ஐந்து மைல் வெயிலில் மிதித்து வந்திருந்தேன். தாகம் இருந்தது.

“இப்பதான் குடிச்சிட்டு வாறன்.”

“எங்க குடிச்சனியள்?”

அந்த வழியில் ஒரு தேத்தண்ணிக்கடையும் கிடையாது. அது அவருக்கும் தெரியும். நான் சைக்கிளைத் திருப்பினேன். அவர் தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றினார்.

“போயிட்டு வாங்கோ, ஐயா.”

1964இல் நான் மாற்றலாகிப் போகும்வரை எஸ்தர் பெயர் கொடுக்க வரவில்லை.

எஸ்தர் வீட்டுக்குப் போன அன்றைய என் நாட்குறிப்பில், “எஸ்தரை விருந்துக்கு அழைத்தேன், மறுத்துவிட்டார்” என்று இருக்கிறது. தேதி, நேரம், தூரம் எல்லாம் சரி. அந்த ஒரு வரி மட்டும் பிழை. ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கவென்று அதை இங்கே திருத்துகிறேன். அன்று அழைத்தவர் எஸ்தர். மறுத்தவன் நான்.