கதவில்லாத ரயில்

என் தாய்மாமன் கட்டிய ரயில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. நிற்க வேண்டிய தேவையே அதற்குக் கிடையாது என்பதுதான் அதன் பெருமை. மாமா ஈரோட்டு ஷெட்டில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் பரிசலேறிப் பள்ளிபாளையத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் கொல்லைப்புறச் சுவரில் கரிக்கட்டியால் அதைக் கட்டத் தொடங்கிவிடுவார். எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பில் இரண்டாவது வருஷம்.

எஞ்சின் கோபுர உயரம். இரண்டு தண்டவாளம் தாங்காதென்று நாலு தண்டவாளம். பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பெட்டி. அப்புறம் மண் கொட்டிய வயல் பெட்டிகள், ராகியும் சோளமும் விளைய. அடுத்தது மாட்டுப் பெட்டி. சோளத்தட்டை மாடு தின்னும். சாணியை வறட்டி தட்டி எஞ்சினில் போட்டால் கரி வேண்டாம். எஞ்சின் விடும் ஆவியைக் குழாயில் பிடித்து ஆறவைத்தால் மறுபடி தண்ணீர். சாம்பல் வயலுக்கு எரு. கடைசியில் பருத்திப் பெட்டி, தறிப் பெட்டி, ஜனங்கள் குடியிருக்கும் பெட்டிகள். எல்லாம் சுற்றிச் சுற்றி உள்ளேயே.

கேட்கக் கேட்க எனக்கும் தலை சுற்றியது.

"மாட்டுச் சாணி எஞ்சினுக்குப் போவுது, செரி. மனுசனுது எங்கீங்க மாமா போவும்?"

"அதுக்குத்தான் சாமி மூணாவது வயப்பெட்டி."

"அந்தப் பெட்டி ராகி எனக்கு வேண்டாமுங்க."

"உனக்கு டிக்கெட்டே கெடையாது, போடா."

அந்த ரயிலில் என்னைவிட அக்கறை காட்டியவள் என் அக்கா. தை மாதம் அவளுக்கும் மாமாவுக்கும் கல்யாணம். அக்கா மகளைக் கட்டுவது எங்களில் வழக்கம் என்பதால், அவள் பிறந்த அன்றே முடிவான சங்கதி. அவளை யாரும் கேட்கவில்லை. உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துவிட்டால், அப்புறம் தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளையின் எதிரே வரக்கூடாது, பேசக்கூடாது. அவளைத் தோளில் தூக்கி வளர்த்த மாமாதான். இருந்தாலும் கூடாது.

நிச்சயம் நடந்த அன்று அவள் அப்பாவின் தறிக்கு நூல் தார் சுற்றும் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க அழுதாள். கை மட்டும் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏன் என்று கேட்டேன். "மாமா எனக்கு மாமாவாவே இருந்திருக்கலாம்டா" என்றாள். மாமா மாமாவாகத்தானே இருக்கிறார் என்று குழம்பினேன்.

அதன் பிறகு சுவருக்கும் ராட்டைக்கும் நடுவில் நான்தான் தபால்காரன்.

"பொம்பளைங்க பெட்டி எதுன்னு கேளு" என்றாள் ஒரு வாரம். சமையல் பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி என்றார் மாமா. அடுத்த வாரம், "அதுல சன்னல் இருக்குதான்னு கேளு" என்றாள். மாமா சந்தோஷமாக ஒரு சன்னல் வரைந்தார். மூன்றாவது வாரம், "எறங்கோணும்னா எப்படி எறங்கறதுன்னு கேளு" என்றாள்.

மாமா கரிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். ஒரு பெட்டிக்கும் கதவு இல்லை. நிற்காத ரயிலுக்குக் கதவு எதற்கு என்று விட்டிருப்பார் போலும்.

"அது எதுக்கு எறங்கோணுமாம்? உள்ளயே எல்லாம் இருக்குதே."

ஓடிப்போய்ச் சொன்னேன். "எல்லாம் இருக்குது, தெரியும். எறங்கோணும்னா?" என்றாள் மறுபடியும். அதையும் கொண்டுவந்து சேர்த்தேன். மாமா கரிக்கட்டியைச் சுவரடியில் வைத்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, தெரியலீங்களா?" என்று சீண்டினேன்.

வழக்கமாக என் காதைத் திருகுவார். அன்றைக்குத் திருகவில்லை. "அது அழுதுச்சாடா?" என்றார்.

"உப்புச்சக்கரை அன்னிக்கு மட்டுந்தானுங்க."

அடுத்த ஞாயிறு மாமா கொல்லைப்பக்கமே போகவில்லை. நேரே அப்பாவின் தறிக்கு முன்னால் போய் நின்றார்.

"மச்சான், இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாமுங்க."

தறிச் சத்தம் நின்றது. "பொண்ணு மேல என்ன கொறை கண்ட?" என்றார் அப்பா.

"பொண்ணு மேல ஒண்ணுமில்லீங்க. எனக்குப் புடிக்கலீங்க."

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். தாயில்லாத தம்பியைச் சோறூட்டி வளர்த்தவள். "எம் மவளையே வேண்டாங்கறயா? இனி இந்த ஊட்டுப் படிய மிதிக்காத" என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்.

நான் ஆற்றங்கரைவரை பின்னாலேயே ஓடினேன். "அப்ப ரயிலுங்க மாமா?"

"கதவு வெக்கோணும் சாமி. எல்லாப் பெட்டிக்கும்."

"வெச்சா வயப்பெட்டித் தண்ணியெல்லாம் ஒழுவிப் போயிருமுங்க."

"ஒழுவட்டும்" என்று பரிசலில் ஏறிவிட்டார். அத்தனை பெரிய ரயிலை அவரே ஓட்டையாக்கச் சம்மதித்ததில் எனக்கு மகா கோபம்.

வீட்டுக்கு வந்தால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். நிச்சயம் ஆனதற்கும் அழுதாள், நின்று போனதற்கும் அழுகிறாள். எனக்குத் தெரிந்த கணக்கில் இரண்டில் ஒன்றுதான் வரும். நின்று யோசித்துவிட்டு அம்மாவிடம் போனேன்.

"அக்கா அழுவுது. அதுக்கு மாமாவக் கட்டிக்கத்தான் ஆசை. பரிசல் நடு ஆத்துலதான் இருக்கும், கூப்புட்டுட்டு வரட்டுங்களா?"

அம்மா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். அக்கா அதற்குள் நிலைப்படியில் வந்து நின்றிருந்தாள்.

"நெசமா சாமி?" என்று அம்மா அவளிடம் கேட்டாள். கல்யாண விஷயமாக அவளிடம் பெரியவர்கள் யாராவது ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா என்னைப் பார்த்தாள். "இவன் பொய் சொல்றானுங்கம்மா. பஞ்சுத் தூசி கண்ணுல பட்டிருச்சு" என்றாள்.

அம்மா பழையபடி உட்கார்ந்து, தம்பியைத் திட்டுவதை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். மனசாட்சி இல்லாதவன், நன்றி கெட்டவன், ஒரு சொல் பாக்கியில்லை. ஒவ்வொரு வசவுக்கும் அக்காவுக்குக் கண் மறுபடி நிறைந்தது, ஆனால் ஒன்றையும் மறுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் என் தொடையைக் கிள்ளினாள். பொய் சொன்னவள் அவள், கிள்ளு எனக்கு.

"நீ அழுததுக்குத்தான போயிச் சொன்னேன்" என்றேன் மெதுவாக.

"உனக்கு ஒண்ணுந் தெரியாதுடா."

எனக்குத் தெரியாதது என்னவென்று கேட்டேன். மறுபடி ஒரு கிள்ளு விழுந்தது, முன்னதைவிட வலுவாக.