பதினோரு மணிக்கு வரச் சொன்னேன்

கும்மிடிப்பூண்டி பஜாரில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் கடையில் எனக்கு வாஷிங் மெஷின் பிரிவு. பழவேற்காட்டு மீன்காரப் பெண்கள் வருவார்கள். பிள்ளைகள் தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்த விவசாய வீட்டுப் பெண்களும் வருவார்கள். எல்லோரும் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "கொடத்துல மொண்டு ஊத்துனா ஓடுமா?"

மெஷின் கம்பெனியிலிருந்து எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஓர் அதிகாரி வந்தார். கஸ்டமர் என்ன கேட்கிறார்கள் என்றார். நான் எழுந்து குடத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "கேமரா வச்ச போன் வேணும்னு முன்னாடி யாராவது கேட்டாங்களா? நாம காட்டுற வரைக்கும் ஜனங்களுக்கு என்ன வேணும்னே தெரியாது. உங்களுக்கும் தெரியாதும்மா. உக்காருங்க."

கடையே சிரித்தது. அதோடு அவர் விடவில்லை. போகும்போது முதலாளியிடம், "இவங்களைக் குக்கர் பக்கம் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நான் குக்கருக்கு ரப்பர் வளையம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. டச் போன் வேண்டுமென்று நானும் ஒருநாளும் நினைத்ததில்லை. அண்ணன் வாங்கிக் கொடுத்த பிறகு கையை விட்டு இறக்கவில்லை. அந்தப் பாதி உண்மைதான் எனக்கு இன்னும் எரிந்தது.

சில மாதம் கழித்து, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் வந்தது. கிராமத்தில் ஓட்டிக் காட்ட ஒரு வீடு வேண்டுமென்று அதே அதிகாரி கேட்டார்.

"எங்க அண்ணன் ஊட்ல வச்சிக்கலாம் சார்" என்றேன்.

"கொழாய் இருக்கா?"

"இருக்கு சார்."

பொய் இல்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு குழாய் உண்டு. காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரும், எட்டுக்கு நின்றுவிடும். "பதினோரு மணிக்கு வாங்க சார். பொம்பளைங்க வேலைய முட்ச்சிட்டு வந்துடுவாங்க" என்றேன்.

அண்ணிக்குப் புரியவில்லை. "அந்நேரத்துக்கு ஏது தண்ணி?"

"நீ கம்முனு இரு அண்ணி."

அன்றைக்கு இருபது பெண்களாவது வந்திருப்பார்கள். முதலாளியும் வந்திருந்தார். அதிகாரி பெரிதாகப் பேசி முடித்துப் பட்டனை அழுத்தினார். மெஷின் உறுமிப் பார்த்துவிட்டுக் கீச்கீச்சென்று கத்தியது. ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேலே பார்த்தாள், பின்பக்கம் போய்ப் பார்த்தாள். "இன்னா சார், இதுக்கு வாயே இல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் முதலாளி காதில் விழும்படியாகச் சொன்னேன்: "அவங்களுக்கு இன்னா வேணும்னு தெரியாது சார். நீங்கதான் காட்டணும்."

அதிகாரியின் முகம் கறுத்தது. சட்டைக் கையை மடித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்புத்தூள் போடும் தட்டு வழியாகச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினார். பேண்ட் நனைந்தது. நெற்றியில் வேர்வை வழிந்தது. அவர் ஊற்றின ஒவ்வொரு சொம்பும் எனக்கு இனித்தது.

கடைசியில் மெஷின் ஓடியது. கண்ணாடிக்குள் நுரை எழும்பி, சேலைகள் மேலே ஏறி ஏறி விழுந்தன. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போய்க் கிட்டே வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் ஆளாக அண்ணிதான் வாயைத் திறந்தாள்: "இது இங்கியே இருக்கட்டும்."

"தண்ணிக்கு இன்னா பண்ணுவ?" என்றேன்.

"ஊத்திக்கினா போவுது. உள்ள எப்டி சுத்துது பாரு!"

குடத்தோடு வந்தவளும் தனக்கு ஒன்று கேட்டாள். அன்றைக்கே நாலு பேர் சொல்லி வைத்தார்கள். அந்த நாலு பெயரையும் நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் அதிகாரி அதையே பெருமையாகச் சொன்னார். "கொழாயில தண்ணியே வராத ஊர்ல வித்துக் காட்டினேன்!"

நான் குக்கர் பக்கத்திலிருந்தே எழுந்தேன். "தண்ணி வரும் சார், ஏழு மணிக்கு. தெரிஞ்சேதான் உங்களப் பதினோரு மணிக்கு வரச் சொன்னேன். எப்ப தண்ணி வரும்னு நீங்க கேக்கல. இப்ப அந்த நாலு பேரும் சொம்பால ஊத்த முடியாம தொட்டி கட்டி மோட்டார் போட்டுக்கினு இருக்காங்க. அதயும் கேக்கல."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கையிலிருந்த பேனாவைத் திறந்தார், மூடினார். முதலாளி என்னையே பார்த்தார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை அவர், "மெஷின் பக்கம் போம்மா. வாங்க வர்றவங்க கிட்ட மொதல்ல தண்ணியப் பத்திக் கேளு" என்றார்.

அதிகாரி அதன்பிறகும் மாதம் ஒருமுறை வருகிறார். எனக்கு வணக்கம் சொல்கிறார். நான் பதிலுக்குச் சொல்வதில்லை.