ஓடாத லைனின் இரைச்சல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என் கருவியில் இதன் பதிவு இருக்கிறது. அதை நான் இட்டுக்கட்ட முடியாது.

மின்சாரத்தை வெகுதூரம் அனுப்புவதற்காக டி.சி. என்கிற நேர்மின்சாரமாக மாற்றும் நிலையம் அது. மாற்றும்போது மின்சாரம் வழவழவென்று வராது. அதன் மேல் சின்னச் சின்ன அலைகள் நடுங்கும். பக்கத்தில் தொலைபேசிக் கம்பி ஓடினால் அந்த நடுக்கம் அதில் ஏறி விசிலடிக்கும். அதை விழுங்கத்தான் ஃபில்டர். விசிலை அளப்பது என் வேலை. ஃபில்டரைப் பழுது பார்ப்பது என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன்.

அன்று மின்சார லைனை நிறுத்தியிருந்தார்கள். மச்சான் வேலிக்குள்ளே இருந்தார். நான் வேலியோரக் கொட்டகையில், என் பதிவுக் கருவியோடு இணைத்த சோதனை போனைக் காதில் வைத்தேன். லைன் நின்றால் போன் கப்சிப்பென்று இருக்க வேண்டும்.

பிற்பகல் 2:10. ம்ம்ம்ம்...

வாக்கி-டாக்கியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். "லைன் ஓடுதா?"

"நிறுத்தி அரைமணி ஆச்சுண்ணே."

"போன்ல இரையுதே."

"வீட்டுலேருந்து அண்ணி பேசுறாங்களோ என்னவோ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவன் சரியான சுவிட்சைத்தான் அணைத்தானா? தவறை மறைக்கிறானா? லைனில் ஓடும் மின்சாரத்தைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். பூஜ்யம்.

2:17. மச்சான் ஏணியில் ஏறினார். சத்தமும் ஏறியது.

அவர் நின்றார். சத்தமும் ஏறாமல் அதே அளவில் இருந்தது.

இன்னொரு படி... இன்னும் பலமாக.

போனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"மச்சான், கை வைக்காதீங்க. இறங்குங்க."

"எர்த் மாட்டியாச்சு மாப்ள. வேலையப் பாக்க விடு."

"உங்க தங்கச்சிக்கு என்னால பதில் சொல்ல முடியாது. இறங்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். மிச்ச மின்சாரத்தை மண்ணில் இறக்கும் எர்த் கம்பியை நீளக் கழியில் கட்டி மேலே தொட்டோம்.

படீர்...

ஃபில்டரில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்கள் இரண்டு அடுக்கு. மச்சான் கீழடுக்குக்கு மட்டும் எர்த் மாட்டியிருந்தார். மேலடுக்கில் மின்சாரம் தேங்கிக் கிடந்தது. தொட்டிருந்தால் கரிதான்.

ஆனால், தேங்கிய மின்சாரம் இரையாது. அது வெறுமனே காத்திருக்கும்.

நிலையத் தலைவரிடம் கருவி பதிந்த அளவைச் சொன்னேன். 300 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 300 அலை. அவர் முகம் மாறியது.

"இது இங்க வராதே."

அங்கே மாற்றும் இயந்திரத்துக்கு இரண்டு பாதிகள். ஒன்றின் 300-ஐ மற்றது அடித்துவிடும்; 600-தான் வெளியே வரும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரே ஒரு நாள், ஒரு பாதி பழுதானபோது, 300 வந்திருக்கிறது.

பழைய பதிவேட்டை எடுத்தார். அன்று இரைச்சல் அளக்க வந்தவர் 300 என்று குறித்திருக்கிறார். லைனை நிறுத்தியதும் ஃபில்டரைப் பார்க்கத் தானே ஏணியில் ஏறியிருக்கிறார்.

கீழடுக்குக்கு மட்டும் எர்த்.

மேலடுக்கில் அவர் கை பட்ட நேரம்: 2:21.

கொட்டகைக்குத் திரும்பி என் கருவியைப் பார்த்தேன். இரைச்சல் நின்ற நேரம்...

2:21.