எந்த ஆணியைப் பார்க்கிறீர்கள்?

கடவுளின் கைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தன.

எங்கள் தெருக்கோடியில் உள்ள பிரார்த்தனை மண்டபத்துக்குள் போனால், எதிர்ச்சுவர் முழுக்கக் கடவுள் மேகத்திலிருந்து குனிந்து இரண்டு கைகளை நீட்டுவார். அந்த ஓவியத்தில் முகம் ரொட்டிக்கடைக்காரருடையது. தாடி ஓவியரின் கற்பனை. கைகள் மட்டும் பக்கத்து வீட்டுச் சிலையாருடையவை. வலது கட்டைவிரலில் கத்தி பட்ட தழும்பைக்கூட ஓவியர் விட்டுவைக்கவில்லை.

சிலையார் என்பது ஓவியப் பள்ளி மாணவர்கள் வைத்த பெயர். முப்பத்தொரு வருடமாக அந்தப் பள்ளியில் அவருக்கு நிற்பதுதான் வேலை. மரமேடையில் ஏறி நிற்பார். ஆசிரியர் சாக்கட்டியால் பாதங்களைச் சுற்றிக் கோடு போடுவார். இருபது நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் அதே கோட்டுக்குள் அதே பாதத்தை வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். எதிர்ச்சுவரில் எதையும் மாட்டாத ஓர் ஆணி இருந்தது. அதையே பார்ப்பார். பார்க்கப் பார்க்க முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று உணர்வு ஒவ்வொன்றாகப் போய்விடும். மனசும் கூடவே போய்விடும்.

ஒருமுறை அவர் காதுக்கும் தோளுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரித்ததாம். இன்னொரு முறை பள்ளியில் தீப்பிடித்தபோது தீயணைப்பு ஆட்கள் இவரைப் படுக்கவைத்துத் தூக்கி, வெளியே மற்ற சிலைகளின் வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார்கள். அப்போதும் இவர் ஆடவில்லை. நம்பாதவர்கள் பள்ளியில் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

திருடனாக, துறவியாக, பிணமாக, கடவுளாக எல்லாம் நின்றவருக்குக் கடவுள் நம்பிக்கை மட்டும் கிடையாது. “கடவுளாவே நின்னு பாத்துட்டேன். உள்ள யாரும் இல்ல” என்பார்.

“நீங்கதான் உள்ள இல்ல. அதனால அவர் வந்துட்டுப் போனது உங்களுக்குத் தெரியல” என்பார் அவர் மனைவி.

அந்த அம்மா தையற்கடையில் காஜா எடுப்பவர். சட்டையின் பொத்தான் துளைகளைச் சுற்றி நூலோட்டும் வேலை. வாரம் தவறாமல் மண்டபத்துக்குப் போவார். திரும்பிவந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“என்னங்க, இன்னைக்கும் உங்க கை என்னை ஆசீர்வாதம் பண்ணுச்சு. வீட்டுல அதே கை ஒரு தம்ளரைக் கழுவி வைக்க மாட்டேங்குது.”

“அங்க ஓவியர் சொன்னாரு, நீட்டினேன்.”

“இங்க நான் சொல்றேன், நீட்டுங்க.”

ஆனால் சாயங்காலமானால் அவருடைய காலை மடியில் வைத்துத் தேய்த்துவிடுவதும் அந்த அம்மாதான். நாள் முழுக்க நின்ற காலுக்கு உணர்வு லேசில் வராது. “வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பார். “இடது குதிகால் இன்னும் வரல” என்பார் இவர். முப்பத்தொரு வருடம் இதே உரையாடல்தான்.

அவர்கள் வீட்டு மாடியில் ஓய்வு பெற்ற தத்துவப் பேராசிரியர் குடியிருந்தார். கடவுள் இல்லை என்பதற்கும் இருக்கிறார் என்பதற்கும் அவரிடம் சரிசமமாக வாதங்கள் இருந்ததால், கிழமை பிரித்துக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி இல்லை. செவ்வாய், வியாழன், சனி உண்டு. ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பார்.

சிலையாரின் மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி அவர் கணவரைக் கூப்பிட்டார்.

“என்னங்க, ஒரே ஒரு தடவை எனக்காக அவர்கிட்ட கேளுங்களேன்.”

“நான் நம்பலைன்னு உனக்குத் தெரியாதா?”

“நம்பச் சொல்லல. கேக்கச் சொல்றேன். நீங்க கேட்டீங்கன்னு தெரிஞ்சா நான் நிம்மதியாப் போவேன் உள்ள.”

மறுக்க அவரால் முடியவில்லை. எழுந்து நின்றார். கை கூப்பினார். தலை அளவாகத் தாழ்ந்தது, இமை பாதி மூடியது, தோள் தளர்ந்தது. அப்படியொரு பக்தனை எந்த மண்டபமும் பார்த்திருக்காது. தட்டோடு வந்த நர்ஸ் சத்தம் போடாமல் ஒதுங்கி நின்றார். அடுத்த கட்டில்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“எந்த ஆணியைப் பாக்குறீங்க?”

அவர் குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். “அந்தக் கொக்கியை” என்றார்.

அந்த அம்மா மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்குத் தெரியாதா உங்க நிலை? கேக்குறவங்க ஒடம்பு சும்மா இருக்காதுங்க. எங்கயாவது ஒரு இடத்துல ஆடிடும்.”

“இன்னொரு தடவை நிக்கட்டுமா?”

“போதும், உக்காருங்க. கால் சில்லுனு இருக்கு. நாளைக்கு வரப்ப கம்பளிக் காலுறை எடுத்துட்டு வாங்க.”

மறுநாள் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அதற்குள் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். அந்த அம்மா உயிரோடு திரும்பவில்லை. காலுறை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

அடக்கத்தின்போது சிலையார் அசையாமல் நின்றார். “என்ன திடம் பாரு” என்றார்கள் சொந்தக்காரர்கள். திடமும் இல்லை, ஒன்றும் இல்லை. அழுகை வரவில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். இடது குதிகாலுக்கு உணர்வு வரவே இல்லை, அதைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் அவருக்குள் நகராமல் கிடந்தது. அவள் கேட்கச் சொன்னாள். அவர் கேட்கவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் பேராசிரியரை நிறுத்தினார்.

“ஐயா, ஆள் போனதுக்கப்புறம் கேட்டாச் செல்லுமா?”

பேராசிரியர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “இன்னைக்குப் புதன்கிழமை” என்று மட்டும் சொல்லிவிட்டு மெதுவாக ஏறிப் போய்விட்டார்.

விடுமுறை முடிந்து, அடுத்த புதன்கிழமை பள்ளி திறந்தது. வகுப்பறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். புது ஆசிரியர் மேடையைக் காட்டி, “கும்பிடுற மாதிரி நில்லுங்க. நீண்ட நிலை” என்றார். சாக்கட்டிக் கோடு போட்டாயிற்று. சிலையார் கை கூப்பி, தலை தாழ்த்தி, எதிரே பார்த்தார்.

ஆணி இல்லை. பிடுங்கி, ஓட்டையை அடைத்துப் பூசியிருந்தார்கள். வெறும் வெள்ளைச் சுவர்.

கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைக்க இடமில்லாமல் மூடிக்கொண்டார். கரித்துண்டுகள் தாளில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஏழெட்டு நிமிடம் போயிருக்கும்.

“சார், மாடல் ஆடிட்டாரு!” என்றாள் முன்வரிசை மாணவி.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். கூப்பிய கை பிரிந்திருந்தது. இரண்டு உள்ளங்கைகளும் முன்னால் நீண்டு, தாழ்ந்து, எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்திருந்தன. தான் ஆடியது அவருக்கே தெரியாது. ஆசிரியர் குனிந்து பார்த்தார். குதிகால் கோட்டைத் தாண்டி அரை விரல் வந்திருந்தது.

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“கோட்டை அழிச்சுப் புதுசாப் போடட்டுமா?”

“போடுங்க.”

மறுநாள் வியாழக்கிழமை. சிலையார் மாடிக்குப் போனார். பேராசிரியர் தயாராக இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“நேத்து நீங்க வந்திருந்தா, வயசாச்சு, நரம்புத் தளர்ச்சின்னு சொல்லியிருப்பேன். இன்னைக்கு வேற மாதிரி சொல்லலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. கை பிரியறப்ப மனசுல என்ன இருந்துச்சு? கடவுளை நினைச்சீங்களா?”

“இல்லீங்க.”

“பின்ன?”

சிலையார் தன் கைகளைப் பார்த்தார். மண்டபத்தில் எத்தனையோ பேர் பார்க்கும் கைகள்.

“அவளுக்குக் கால் சில்லுனு இருக்கும், யாராவது பாத்துக்குங்கன்னு நினைச்சேன்.”

“யாராவதுன்னா?”

“தெரியலீங்க. யாராவது.”

உண்டு என்பதற்குப் பேராசிரியரிடம் ஐந்து வாதங்கள் இருந்தன. ஐந்தும் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு அவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார்.

சிலையார் அதை முழுக்கக் குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.